புது வெர்ஷனுக்கு மாறியதும் ரிக் பேசவில்லையா? ஹாம் மென்பொருள் செட்டிங்ஸ் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

போன வாரம் திருநகரில் இருக்கும் நண்பர் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தார். "அண்ணே, புது லேப்டாப்புல புது வெர்ஷன் போட்டு பழைய ஃபைலை அப்படியே காப்பி பண்ணிட்டேன். வாட்டர்ஃபால் கருப்பா கெடக்கு, ரிக்கும் பேச மாட்டேங்குது" என்றார். ரிக் என்றால் ஹாம் (அமெச்சூர் வானொலி) ரேடியோ பெட்டி, வாட்டர்ஃபால் என்றால் அது பிடிக்கும் சிக்னல்களை நிறக் கோடுகளாக இறக்கிக் காட்டும் ஜன்னல். பழைய கணினி விண்டோஸ் 7, புதியது 11. நடுவில், ரிக் வழியே சின்னச் சின்ன எழுத்துச் செய்திகளை அனுப்பிப் பெறும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளும் பல வெர்ஷன் தாண்டிவிட்டது. போனிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவரிடம் சொன்னதையும், இதற்கு முன் எனக்கும் மற்றவர்களுக்கும் வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம், ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

செட்டிங்ஸ் ஃபைலுக்குள் இரண்டு வகைச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று உங்களுடையது: கால்சைன் (காற்றில் உங்கள் அடையாளப் பெயர்), கிரிட் (இருக்கும் இடத்தின் குறியீடு), மேக்ரோக்கள் (முன்பே எழுதி வைத்த செய்திகள்), நிறங்கள், எந்த பேண்டில் எந்த ஆன்டெனா என்ற குறிப்பு. இன்னொன்று அந்தக் கணினியுடையது: காம் போர்ட் எண், சவுண்ட் கார்டின் பெயர், ஃபோல்டர் பாதை. முதல் வகை எந்தக் கணினிக்குப் போனாலும் செல்லும். இரண்டாவது வகை வீடு மாறியவரின் பழைய விலாசம் மாதிரி, அங்கே போய்த் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். அதனால் அதே கணினியில் வெர்ஷன் மட்டும் மாறுகிறது என்றால் எதையும் காப்பி செய்யவே வேண்டாம், மேலேயே நிறுவுங்கள், பழைய ஃபைலை அதுவே எடுத்துக்கொள்ளும். கணினியே மாறுகிறது என்றால் லாக்கையும் (பண்ணிய தொடர்புகளின் பதிவு), தொடர்புகளை இணையத்தில் உறுதி செய்யும் எல்ஓடிடபிள்யூவின் சான்றிதழையும், மேக்ரோக்களையும் மட்டும் கொண்டு போங்கள், போர்ட்டையும் சவுண்ட் கார்டையும் புதிதாகக் கையால் தேர்ந்தெடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. செட்டிங்ஸை மறுபடி போட அரை மணி நேரம் போதும், பத்து வருட லாக்கை மறுபடி எழுத முடியாது.

தொட ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டியவை. மென்பொருளை மூடுங்கள். பழைய கணினியில் செட்டிங்ஸ் ஜன்னலின் ஒவ்வொரு டேபையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கை கொடுக்கும். அப்புறம் ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் எடுங்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் தன் ஐஎன்ஐ ஃபைலையும் (செட்டிங்ஸ் ஃபைல் இதுதான்) லாக்கையும் உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் தன் பெயரில் உள்ள ஃபோல்டரில் வைத்திருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், சாதாரணமாகக் கண்ணில் படாது. தேட வேண்டியதில்லை, மென்பொருளின் ஃபைல் மெனுவில் "ஓபன் லாக் டைரக்டரி" என்று இருக்கும், அதை அழுத்தினால் நேரே அங்கே கொண்டு போய் விடும். லினக்ஸில் கொஞ்சம் வித்தியாசம், ஐஎன்ஐ ஃபைல் ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்த கான்ஃபிக் ஃபோல்டரிலும், லாக் புள்ளி வைத்த லோக்கல் ஃபோல்டருக்குள் ஷேர் என்பதிலும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஃபோல்டரில் ஆல் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பெரிதாக இருக்கும், இதுவரை டீகோட் ஆன (சிக்னலில் இருந்து எழுத்தாகப் பிரித்த) ஒவ்வொரு வரியும் அதில் சேர்ந்திருக்கும். பென் டிரைவில் இடம் இல்லை என்றால் அதை விட்டுவிடலாம், லாக் அது இல்லை.

அறிகுறி: திறந்ததும் கால்சைன் கேட்கிறது, எல்லாம் காலி

பதறாதீர்கள், பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, மென்பொருள் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, நீங்கள் ஐஎன்ஐ ஃபைலை ஒட்டும்போது மென்பொருள் திறந்தே இருந்ததா? இது மூடப்படும்போதுதான் தன் நினைவில் உள்ளதை ஃபைலில் எழுதும். திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் ஒட்டினால், மூடும் நேரத்தில் அது தன் காலி செட்டிங்ஸை உங்கள் ஃபைலின் மேல் எழுதிவிடும். திருநகர் நண்பர் இரண்டு முறை ஒட்டியும் காலியாகவே வந்ததற்கு இதுதான் காரணம். மூடுங்கள், டாஸ்க் மேனேஜரில் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள், பிறகு பென் டிரைவில் இருக்கும் பிரதியை ஒட்டுங்கள்.

இரண்டாவது, பழைய கணினியில் ஷார்ட்கட்டில் ரிக் பெயர் கொடுத்து ஓட்டியிருக்கிறீர்களா? இரண்டு ரிக் வைத்திருப்பவர்கள் ஒரே மென்பொருளை இரண்டாகத் திறக்க இப்படிச் செய்வார்கள். அப்படிச் செய்தால் ஃபோல்டரின் பெயரிலும் ஐஎன்ஐ ஃபைலின் பெயரிலும் ஒரு கோடு போட்டு அந்த ரிக்கின் பெயர் சேர்ந்துகொள்ளும். புது கணினியில் ஷார்ட்கட்டில் அதே பெயரைக் கொடுக்காவிட்டால் அது வேறு ஃபோல்டரைத்தான் திறக்கும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் நிறைய நேரம் தின்னும். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். நீங்கள் ஐஎன்ஐ என்று சேமித்தது உண்மையில் ஐஎன்ஐ புள்ளி டிஎக்ஸ்டி ஆக இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: செட்டிங்ஸ் எல்லாம் வந்துவிட்டது, வாட்டர்ஃபால் மட்டும் கருப்பு

சவுண்ட் கார்டின் பெயர்ப் பிரச்சினை. ஐஎன்ஐ ஃபைல் சவுண்ட் கார்டை எண்ணால் நினைவு வைப்பதில்லை, பெயரால் வைத்திருக்கிறது. யூஎஸ்பி கேபிளை வேறு துளையில் சொருகினாலே விண்டோஸ் "யூஎஸ்பி ஆடியோ கோடெக்" என்ற பெயருக்கு முன்னால் ஒரு 2 போட்டு அதைப் புது ஆளாக நினைத்துக்கொள்ளும். பழைய பெயரைத் தேடி மென்பொருள் ஏமாறும். செட்டிங்ஸில் ஆடியோ டேபுக்குப் போய் இன்புட், அவுட்புட் இரண்டையும் பட்டியலில் இருந்து மறுபடி தேர்ந்தெடுங்கள். பெயர் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஒரு முறை வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி சரியானதற்கு வாருங்கள்.

அப்படியும் கருப்பு என்றால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோபோன் அனுமதி என்று ஒன்று உண்டு, பிரைவசி பகுதியில் இருக்கும். ரிக்கில் இருந்து வரும் ஒலியும் விண்டோஸின் பார்வையில் மைக்ரோபோன்தான். டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு அனுமதி இல்லை என்றால் ஒலி உள்ளேயே வராது. விண்டோஸ் 7 காலத்தில் இருந்து நேரே தாவியவர்கள் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

வாட்டர்ஃபால் கருப்பாக இல்லை, ஆனால் ஒரே மஞ்சளும் சிவப்புமாகக் கொதிக்கிறது என்றால் லெவல் அதிகம். ஒலி அளவு விண்டோஸில் இருக்கிறது, மென்பொருளின் ஃபைலில் இல்லை, ஆகவே அது உங்களோடு இடம் மாறி வராது. பேண்டில் சத்தம் மட்டும் இருக்கும்போது இடது கீழ் மூலையில் உள்ள மீட்டர் 30 டிபி பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். விண்டோஸ் தானாகச் சேர்க்கும் ஒலி மேம்பாடுகளை அணைத்துவிட்டு மாதிரி வீதத்தை 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். இன்னொன்று, விண்டோஸின் டிங் டாங் சத்தங்கள் எல்லாம் ரிக் வழியே காற்றில் போகாமல் இருக்க, பொதுவான ஒலி வெளியீட்டைக் கணினியின் ஸ்பீக்கரிலேயே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வாட்டர்ஃபாலில் சிக்னல் அழகாக இறங்குகிறது, ஒரு வரி கூட டீகோட் ஆகவில்லை

முதலில் கடிகாரம். எஃப்டி8 என்ற செய்தி அனுப்பும் முறையில் 15 விநாடி ஒரு சுற்று, அதில் சிக்னல் 12.6 விநாடி ஓடும். உங்கள் கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் விலகினாலே தொல்லை தொடங்கும். ஒன்றிரண்டு வரி டீகோட் ஆகிறது என்றால் டிடி (நேர வித்தியாசம், விநாடியில்) என்ற பத்தியைப் பாருங்கள். எல்லோருக்கும் 1.5, 1.7 என்று ஒரே பக்கமாகக் காட்டினால் தப்பு அவர்களிடம் இல்லை, உங்கள் கடிகாரத்தில். விண்டோஸின் நேர அமைப்பில் "சிங்க் நவ்" பொத்தானை அழுத்துங்கள். பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், கரண்ட் போய் வந்த பிறகெல்லாம் நேரம் தப்புகிறது என்றால் மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான சின்ன பேட்டரியை மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

கடிகாரம் சரி என்றால், எந்தக் கணினியில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று உற்றுப் பாருங்கள். 2018 டிசம்பரில் வந்த 2.0 வெர்ஷனில் இருந்து எஃப்டி8 செய்தி 77 பிட் ஆக மாறிவிட்டது, அதற்கு முந்தைய 1.9 ஓட்டுபவருக்கு இன்றைய சிக்னல் எதுவும் டீகோட் ஆகாது. புதிதை நிறுவிய பிறகும் டெஸ்க்டாப்பில் உள்ள பழைய ஷார்ட்கட்டையே அழுத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு வெர்ஷனும் வேறு வேறு ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தலைப்புப் பட்டையில் வெர்ஷன் எண் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

அறிகுறி: டீகோட் நன்றாக ஆகிறது, லாக் நேரம் ஐந்தரை மணி நேரம் பிசகுகிறது

இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எனக்கு இது நடந்தது. புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடையில் டைம் ஜோன் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்ததைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் நம்மூர் நேரத்துக்குக் கையால் திருத்தியிருந்தார்கள். திரையின் மூலையில் நேரம் சரியாகத் தெரிந்தது. ஆனால் கணினி அதையே யூடிசி என்று நினைத்துக்கொண்டது. ஐந்தரை மணி நேரம் என்பது 19,800 விநாடி, அதைப் பதினைந்தால் வகுத்தால் மீதியில்லாமல் 1,320 வரும். ஆக எஃப்டி8 சுற்றுகள் பிசகாமல் பொருந்திவிடும், டீகோட் ஆகும், தொடர்பு முடியும், லாகும் ஏறும். நேரம் மட்டும் தப்பு. அப்படி இரண்டு மாதத் தொடர்புகள் தப்பான நேரத்தோடு ஏறின. எல்ஓடிடபிள்யூ இரு தரப்பு நேரமும் அரை மணி நேரத்துக்குள் ஒத்துப் போனால்தான் தொடர்பை உறுதி செய்யும், அதனால் எனக்கு ஒரு உறுதிப்படுத்தல்கூட வரவில்லை, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

சோதிக்க எளிய வழி: முதன்மை ஜன்னலில் தேதியோடு பெரிதாகத் தெரியும் நேரம் யூடிசி. அது உங்கள் கைக்கடிகாரத்தை விட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்க வேண்டும். நமக்குக் காலை ஐந்தரை என்றால் அங்கே பூஜ்யம் பூஜ்யம். கைக்கடிகாரமும் அதுவும் ஒரே நேரம் காட்டினால் உடனே நிறுத்துங்கள், டைம் ஜோனைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று எழுதியிருக்கும் வரிக்கு மாற்றி, பிறகு சிங்க் செய்யுங்கள். ஏற்கெனவே தப்பாக ஏறிய லாக்கைத் திருத்தும்போது நேரத்தோடு தேதியையும் கவனிக்க வேண்டும். 03:10 என்று பதிவானது உண்மையில் முந்தைய நாளின் 21:40.

அறிகுறி: ரிக் கன்ட்ரோல் பிழை, இணைப்புத் திறக்கவில்லை என்ற சிவப்புச் செய்தி

காம் போர்ட் எண் மாறியிருக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள், பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள், மறுபடி சொருகுங்கள், வருவதுதான் உங்கள் போர்ட். அந்த எண்ணை ரேடியோ டேபில் கொடுத்து "டெஸ்ட் கேட்" அழுத்துங்கள் (கேட் என்பது கேபிள் வழியே கணினி ரிக்கை இயக்குவது), பச்சை வர வேண்டும். வராவிட்டால் பாட் வேகம் (கேபிளில் தரவு போகும் வேகம்) ரிக்கின் மெனுவில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஐகாம் ரிக் என்றால் சிஐ-வி முகவரியும் (கணினி அந்த ரிக்கை அழைக்கும் எண்) சேர்த்து, ஐசி-7300க்கு ஆலையில் இருந்து வருவது 94. மென்பொருளின் ரிக் பட்டியலில் உங்கள் மாடல் தேர்வாகி இருக்கிறதா, "நன்" என்று நிற்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, டிரைவர்தான் பிரச்சினை. ஐசி-7300 போன்றவற்றில் உள்ளே சிலிக்கான் லேப்ஸ் சிப் இருக்கும், அதன் டிரைவரைப் போட்ட பிறகுதான் கேபிளைச் சொருக வேண்டும். மலிவான புரோகிராமிங் கேபிள்களில் பிஎல்2303 சிப்போ அதன் போலியோ இருக்கும். புதிய டிரைவர் பழைய சிப்பையும் போலியையும் ஏற்காது, "2012 முதல் இந்த சிப் நிறுத்தப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரியை டிவைஸ் மேனேஜரிலேயே காட்டும். அதே டிரைவரின் பழைய வெர்ஷனைக் கையால் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஓடும், ஆனால் விண்டோஸ் அப்டேட் வரும்போது மறுபடி மாற்றிவிடும். நான் சொல்வது, எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிவிடுங்கள், ஒரு தடவை செலவோடு போய்விடும்.

போர்ட் சரி, டிரைவர் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் வேறு மென்பொருள் ஒன்று அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். லாகிங் மென்பொருள் பின்னால் ஓடுகிறதா பாருங்கள்.

அறிகுறி: மென்பொருளைத் திறந்ததும் ரிக் தானாக டிரான்ஸ்மிட் ஆகிறது

உடனே ரிக்கை அணையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பழைய ஃபைலில் பிடிடி முறை (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் வழி) ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் (போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகள்) என்று இருந்திருக்கும், புது கணினியில் அந்த எண்ணில் இப்போது வேறு போர்ட் வந்து உட்கார்ந்திருக்கும். அல்லது ரிக்கின் மெனுவில் யூஎஸ்பி செண்ட் என்பது ஆர்டிஎஸ்ஸில் நிற்கும், போர்ட் திறந்த கணமே அந்தக் கம்பி உயரும், ரிக் ஒளிபரப்பத் தொடங்கும். கேட் வழியே ரிக்கைப் பேச வைத்திருப்பவர்கள் பிடிடியையும் கேட் என்றே வைத்துவிட்டு, ரிக்கின் மெனுவில் யூஎஸ்பி செண்ட்டை அணைத்துவிடுங்கள். இதனால்தான் வெர்ஷன் மாற்றிய பிறகு முதல் முறை திறக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கும் சுமை) மாட்டி, பவரை 5 வாட்டுக்குக் குறைத்து வைக்கச் சொல்வேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு எதையும் மாட்டாமல் விடுவது அதைவிட ஆபத்து, ஃபைனல் டிரான்சிஸ்டர் போய்விடும்.

அறிகுறி: பேண்ட் பட்டியலில் புதிய முறைகளுக்கு அலைவரிசை இல்லை

வெர்ஷன் புதிது, அலைவரிசைப் பட்டியல் மட்டும் பழைய ஐஎன்ஐயில் இருந்து வந்தது. எஃப்டி4 2019ல் 2.1 வெர்ஷனோடு வந்தபோது பலருக்கும் இதுதான் நடந்தது, முறை மெனுவில் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் அலைவரிசையைக் காணோம். செட்டிங்ஸில் ஃப்ரீக்வென்சீஸ் டேப், பட்டியலின் மேல் வலது கிளிக், "ரீசெட்". நீங்களாகச் சேர்த்த அலைவரிசைகள் இருந்தால் ரீசெட்டில் போய்விடும், முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஜெனரல் டேபில் ஐஏஆர்யூ (உலக ஹாம் அமைப்பு) ரீஜன் என்பதில் 3 தேர்ந்தெடுங்கள், இந்தியா அதில்தான் வருகிறது.

அறிகுறி: கிரிட் தப்பாகப் போகிறது

மதுரைக்காரர்கள் இதை மற்றவர்களை விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிரிட் சதுரம் ஒவ்வொன்றும் தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை. நம் நகரம் 10 பாகை வடக்கு, 78 பாகை கிழக்கு என்ற இரண்டு கோடுகளும் வெட்டும் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மீனாட்சி அம்மன் கோயில் எம்ஜே99, மேலூரும் அலங்காநல்லூரும் எம்கே90, தேனி ரோட்டில் உசிலம்பட்டி எம்ஜே89, திண்டுக்கல் ரோட்டில் வாடிப்பட்டி எம்கே80. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் நான்கு சதுரங்கள்! ஊர் மாறியவர்கள், தோட்டத்தில் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள், யானைமலைப் பக்கம் ஃபீல்டுக்குப் போனவர்கள், பழைய ஃபைலைக் காப்பி செய்தால் பழைய கிரிட்டும் கூடவே வந்துவிடும், எதிர்முனைக்காரர் அதைத்தான் தன் லாக்கில் எழுதுவார். மெனுவில் கான்ஃபிகரேஷன்ஸ் என்று இருக்கிறதே, அதில் "குளோன்" செய்து வீட்டுக்கு ஒன்று, ஃபீல்டுக்கு ஒன்று என்று பெயர் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் தனித் தனி கிரிட் நிற்கும்.

அறிகுறி: ஏற்கெனவே பேசிய நாடுகள் எல்லாம் புதிதாகக் காட்டுகிறது

லாக் வரவில்லை. நிறம் காட்டுவதற்கு மென்பொருள் தன் ஃபோல்டரில் உள்ள ஏடிஐ ஃபைலைத்தான் படிக்கிறது. பழைய கணினியில் இருந்து அந்த ஃபைலைக் கொண்டு வந்து வையுங்கள், பிறகு செட்டிங்ஸில் கலர்ஸ் டேபில் "ரீஸ்கேன் ஏடிஐஎஃப் லாக்" அழுத்துங்கள். இதற்குள் புது கணினியில் நாலு தொடர்பு பண்ணிவிட்டீர்கள் என்றால் மேலே ஒட்டி அவற்றை அழித்துவிடாதீர்கள். ஏடிஐ வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்து புதியதில் இருக்கும் தொடர்பு வரிகளைப் பழையதின் கடைசியில் சேர்த்தால் போதும். தலைப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும், ஒவ்வொரு தொடர்பும் ஈஓஆர் குறியோடு முடிய வேண்டும்.

அறிகுறி: எல்ஓடிடபிள்யூவில் ஏற்ற முடியவில்லை, சான்றிதழ் செல்லாது என்கிறது

மின்னஞ்சலில் வந்த டிக்யூ6 என்ற சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு புது கணினியில் முயன்றிருப்பீர்கள். அது விண்ணப்பம் செய்த கணினியில் மட்டும்தான் வேலை செய்யும், ஏனென்றால் ரகசியச் சாவி அங்கேதான் இருக்கிறது. பழைய கணினியில் டிக்யூஎஸ்எல் (எல்ஓடிடபிள்யூவுக்கு லாக்கைக் கையொப்பமிட்டு ஏற்றும் மென்பொருள்) திறந்து ஃபைல் மெனுவில் பேக்கப் எடுத்தால் டிபிகே என்று ஒரு ஃபைல் கிடைக்கும், சான்றிதழ், ஸ்டேஷன் இடங்கள் எல்லாம் அதில் அடங்கும். புது கணினியில் ரீஸ்டோர், முடிந்தது. சான்றிதழை மட்டும் பி12 ஃபைலாகச் சேமித்தும் கொண்டு போகலாம், கடவுச்சொல் வைத்தால் மறக்காமல் எழுதி வையுங்கள். பழைய கணினியை ஃபார்மட் செய்யவோ விற்கவோ போகிறீர்கள் என்றால் இதை முடிக்காமல் கையை வைக்காதீர்கள்.

அறிகுறி: சிர்ப் பழைய வெர்ஷனில் எடுத்த கையடக்க ரேடியோ இமேஜ் ஏறவில்லை

சிர்ப் என்பது ரேடியோவில் சேனல்களை ஏற்றும் மென்பொருள், இமேஜ் என்பது ரேடியோ மெமரியின் பிரதி. பஃபெங் கையடக்க ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். மெமரி ஏறிவிடும், ஆனால் "மற்ற செட்டிங்ஸ் அனுப்பப்படவில்லை, ஃபர்ம்வேர் வெர்ஷன் பொருந்தவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அது பிழை இல்லை, சிர்ப் உங்கள் ரேடியோவைக் காப்பாற்றுகிறது. ஒரு ரேடியோவின் இமேஜை இன்னொன்றில் வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். புது வெர்ஷனில் முதலில் ரேடியோவில் இருந்து டவுன்லோட் செய்யுங்கள், அந்த இமேஜைத் தொடாமல் ஒரு பிரதி வையுங்கள், அப்புறம் பழைய இமேஜை இன்னொரு டேபில் திறந்து சேனல் வரிகளை மட்டும் காப்பி செய்து ஒட்டி அப்லோட் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கச் சேனல் பட்டியல்களை அப்படியே ஒட்ட வேண்டாம். இந்தியாவில் 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான், 70 சென்டிமீட்டர் 434 முதல் 438 வரை. அவர்கள் அழைக்கும் அலைவரிசையான 146.520 நமக்கு பேண்டுக்கு வெளியே.

எஃப்எல்டிஜி, என்1எம்எம்

இவை இரண்டும் வேறு ஹாம் மென்பொருள்கள். எஃப்எல்டிஜியில் பெரிய தொல்லை இல்லை. விண்டோஸில் பயனர் ஃபோல்டரில் எஃப்எல்டிஜி புள்ளி ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் மேக்ரோஸ், லாக்ஸ் இரண்டையும் எடுத்தால் போதும், எக்ஸ்எம்எல்லில் உள்ள மீதியைப் புதிதாகக் கொடுங்கள். என்1எம்எம் வைத்திருப்பவர்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளதை எடுக்க வேண்டும், ஆனால் விண்டோஸ் 11ல் டாக்குமென்ட்ஸே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம், அப்போது நீங்கள் ஒட்டிய இடம் ஒன்று, மென்பொருள் பார்க்கும் இடம் ஒன்று. பாதையைச் சொடுக்கி முழுதாகப் படித்துவிட்டு ஒட்டுங்கள்.

அறிகுறி: புதியது பிடிக்கவில்லை, பழையதுக்குத் திரும்பினால் அதுவும் ஓடவில்லை

புது வெர்ஷன் ஒரு முறை திறந்து மூடியிருந்தாலே ஐஎன்ஐயில் தன் பாணியில் எழுதியிருக்கும், பழைய வெர்ஷனுக்கு அதில் சில வரிகள் புரியாமல் போகலாம். ஆகவே பழையதை மறுபடி நிறுவும் முன் இப்போது உள்ள ஐஎன்ஐயின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், பென் டிரைவில் எடுத்த பழைய ஐஎன்ஐயை அந்த இடத்தில் வையுங்கள், ஆனால் ஏடிஐ லாக்கை மட்டும் பழையதால் மாற்றாதீர்கள், இடையில் பண்ணிய தொடர்புகள் அதில் இருக்கின்றன. திருநகர் நண்பருக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. போர்ட், சவுண்ட் கார்டு இரண்டையும் புதிதாகத் தேர்ந்தெடுத்து, ரீஸ்கேன் அழுத்தியதும் அவருடைய பழைய நாடுகள் எல்லாம் தத்தம் நிறத்துக்கு வந்தன. பதினொன்றரை மணிக்கு மேல் 7.074ல் ஒரு ஜப்பான் ஸ்டேஷன் பதில் கொடுத்தது, லாக்கில் நேரம் 18:12 என்று சரியாக ஏறியது.